வேப்பங்குச்சிக் கம்மல்

பொதட்டூர்பேட்டை
26.8.2024

அன்புள்ள ஜோதிலட்சுமிக்கு,

உன் வருங்கால மாமியார் சந்திரகலா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாமா சின்னதுரை, இரண்டு விசைத்தறி, ஒரு பசு எல்லோரும் சுகம். அங்கே நீ, அப்பா துளசிராமன், அம்மா எல்லோரும் சுகமாயிருக்கத் திருத்தணி முருகன் துணை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் இருந்து என் காது மந்தமாகிவிட்டது. எதிரில் நின்று கத்திப் பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் எல்லாம் கொசுச் சத்தம்தான். அன்புசெல்வன் தேர்வாய் கண்டிகையில் வேலை முடிந்ததும் தினமும் கூப்பிடுகிறான். நான் "சாப்ட்டியாடா" என்று கேட்பேன். அவன் என்ன சொன்னாலும் "சரிடா" என்று வைத்துவிடுவேன். பெற்ற பிள்ளையிடம் அது செல்லும், மருமகளிடம் செல்லுமா. எட்டாவது படித்தவள், கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். உன் காதில் கம்மல் இல்லை, இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. என் ஓரகத்தி என் தொடையைக் கிள்ளி, "இன்னாடி, பொண்ணு காதுல குச்சி வச்சிகினு வந்துகுது. ஒரு பொட்டுத் தங்கம் கூடவா இல்ல" என்றாள். வீட்டுக்கு வந்து அன்புவைக் கேட்டால், "அது தங்கம் எடுக்கிற கம்பெனிலதாம்மா வேலை செய்யுது" என்கிறான். தங்கம் எடுக்கிறவள் காதில் குச்சி எதற்கு? மனதிலேயே வைத்திருந்தால் நிஜ மாமியார் ஆகிவிடுவேன் என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

பதில் எழுது.

இப்படிக்கு,
சந்திரகலா


கவரப்பேட்டை
4.9.2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

ஜோதிலட்சுமியின் வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம். மாமாவையும் பசுவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பெரியத்தை உங்களுக்குக் கேட்கட்டும் என்று சொன்ன ரகசியம் சமையலறை வரைக்கும் கேட்டது. அப்போதுதான் காதைத் தடவிப் பார்த்தேன். காலை ஷிப்ட் முடிந்து ஓடி வந்து, புடவை கட்டி, பூ வைத்து, குச்சியை எடுக்க மறந்தே போனேன். அம்மா இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனிக்குப் பழைய செல்போன், கம்ப்யூட்டர், டிவி பெட்டி எல்லாம் லாரி லாரியாக வரும். உள்ளே இருக்கும் பச்சை போர்டில் தங்கம் இருக்கிறது. துரு ஏறாது, கரண்ட் தடங்கல் இல்லாமல் போகும் என்று கண்ணுக்குத் தெரியாத அளவு பூசியிருப்பார்கள். ஒரு டன் போர்டை உடைத்தால் இரண்டு கொட்டைப்பாக்கு அளவு தங்கம் வரும். திராவகத்தில் கரைத்து எடுக்கும்போது அது தங்கம் போலவே இருக்காது. காபித்தூள் மாதிரி கறுத்துக் கிடக்கும். அதை உருக்குகிற அடுப்பில்தான் எனக்கு வேலை. தூள் உருகித் திரண்டு, ஒரு நொடியில் முகம் மாறிப் பளிச்சென்று பார்க்கும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் மூன்று வருஷம் படித்தது எல்லாம் அந்த ஒரு நொடியில் புரிந்தது.

உள்ளே போகும்போதும் வரும்போதும் கேட் மிஷினில் நடக்க வேண்டும். உடம்பில் ஊசி முனை உலோகம் இருந்தாலும் கத்தும். அதனால் தங்கப் பிரிவில் யாரும் தங்கம் போடக் கூடாது. காது ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்கத்தான் குச்சி. ஆகவே பொட்டுத் தங்கம் கூட இல்லாததற்குக் காரணமே தங்கம்தான் என்று பெரியத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஜோதிலட்சுமி


பொதட்டூர்பேட்டை
15.9.2024

அன்புள்ள ஜோதிக்கு,

எல்லோரும் நலம், பசு சினையாக இருக்கிறது. உன் கடிதத்தைப் பெரியத்தை எதிரில் சத்தமாகப் படித்தேன். எனக்குத்தான் அது மெதுவாகக் கேட்டது, தெருவே கூடிவிட்டது. இப்போது ஊரில் யார் வீட்டில் செல்போன் ரிப்பேர் ஆனாலும் எடைக்குப் போடாமல் என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஒரு கூடை சேர்ந்துவிட்டது.

இங்கே நெசவு ஊரில் கிழிந்த பட்டுப்புடவையை வாங்கிப் போய்ச் சரிகையைப் பொசுக்கி வெள்ளியும் தங்கமும் எடுப்பார்கள். அது தெரியும். செல்போனில் எடுப்பது புதுசு. சரி, அந்தத் தங்கம் முதலில் எங்கிருந்து வந்ததம்மா? மண்ணிலேயே முளைத்ததா?

உன் மாமாவுக்கு ஒன்றும் குறைவில்லை. இழை அறுந்து தறி நின்றால் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். என்னைத்தான் திட்டுகிறார் என்று தெரியும். நானும் விடுவேனா, கல்யாணமான நாளாகப் பதிலுக்குத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் அம்மா போட்ட ஜிமிக்கி ஒரு ஜோடி பத்திரமாக வைத்திருக்கிறேன். கார்த்திகையில் நல்ல நாள் பார்த்து, ஆசாரியை வீட்டுக்கு வரவழைத்து, அதை உருக்கித்தான் உனக்குத் தாலி. பொன் உருக்குவது உனக்கு அன்றாட வேலை. எங்களுக்கு அது திருவிழா.

ஒரு சந்தேகம். தங்கத்தோடு உள்ளே விடமாட்டார்கள் என்றால், கல்யாணமான பெண்கள் தாலியோடு எப்படிப் போகிறார்கள்?

இப்படிக்கு,
சந்திரகலா


கவரப்பேட்டை
2.10.2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம். பசுவின் தேதியைச் சொல்லுங்கள், சீம்பாலுக்கு இப்போதே பெயர் கொடுக்கிறேன்.

தங்கம் மண்ணில் முளைத்தது இல்லை அத்தை. நம் பூமியில் உண்டானதே இல்லை. எரிந்து முடிந்து சுருங்கிப்போன இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மோதும். அந்த மோதலில் தங்கம் பிறக்கும் என்கிறார்கள். அப்படிச் சிதறிய தூள், பூமி உண்டாகும்போது இதில் கலந்துவிட்டது. நாம் தோண்டி எடுக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று. தங்கம் அழியாது. ரோம் நாட்டுக்காரர்கள் மிளகு வாங்க நம் கரைக்குக் கொண்டுவந்த பொற்காசுகளை நம் ஆட்கள் உருக்கி நகை செய்துகொண்டார்கள். எங்கள் பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் தங்க வராகன் அச்சடித்தார்கள். அதையும் உருக்கியிருப்பார்கள். உருக்கி உருக்கி எது எங்கே போனது என்று யாருக்குத் தெரியும். பெரியத்தை கழுத்துச் சங்கிலியில் ஒரு ரோம் ராஜாவின் மூக்கு கலந்திருக்கலாம்.

பல்லுக்குத் தங்கம் கட்டுகிறார்கள், மருந்தில் பஸ்பமாகப் போடுகிறார்கள், ராக்கெட்டுக்குப் போர்த்துகிறார்கள். காது கேட்கும் மிஷினுக்குள்ளும் கடுகளவுக்கும் கம்மியாகத் தங்கம் இருக்கிறது. எங்கள் கம்பெனிக்கு அதுவும் வரும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அன்புடன்,
ஜோதிலட்சுமி


பொதட்டூர்பேட்டை
11.10.2024

அன்புள்ள ஜோதிக்கு,

சுகம், சுகம்தானே.

மோதிக்கொண்ட நட்சத்திரங்களைப் பற்றிப் படித்தபோது என் நாத்தனார்கள் இருவரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் மோதலில் ஒரு குந்துமணிகூடக் கிடைத்ததில்லை.

நான் கேட்டது கழுத்தைப் பற்றி. நீ வானத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டாய். காது மந்தமானவளிடம் பேச்சை மாற்றுவது சுலபம், கடிதத்தில் முடியாது. நான் திருப்பித் திருப்பிப் படிப்பேன்.

இப்படிக்கு,
சந்திரகலா


கவரப்பேட்டை
9.11.2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

கல்யாணமான பெண்கள் தங்கப் பிரிவுக்குள் போவதில்லை அத்தை. கழுத்தில் தாலி ஏறினால் மறுநாள் பிரிப்பு ஷெட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துக்கொண்டு செல்போன் உடைக்க வேண்டும். கன்னியம்மா அக்கா என்று ஒருவர், எனக்கு முன்னால் அடுப்பில் இருந்தவர். நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லுவார். இப்போது கீபோர்டில் எழுத்துப் பித்தான் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். கம்பெனியையும் குறை சொல்ல முடியாது. ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும். தாலியைத் தினமும் கழற்றி மாட்டு என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லவும் முடியாது.

தை மாதம் புது அடுப்பு வருகிறது. அதை ஓட்ட இருவருக்குப் பயிற்சி. டிசம்பர் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். என் பெயரைச் சொன்னபோது மேனேஜர், "உனக்குத் தையில கல்யாணமாச்சே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு அந்த அடுப்பு வேண்டும் அத்தை. உங்கள் பிள்ளையும் வேண்டும். அவரிடம் சொன்னேன். "எனக்கு ஒன்னும் இல்ல, எங்கம்மாவ கேளு" என்றார். கேட்கத் தைரியம் வராமல்தான் நட்சத்திரத்தைப் பற்றி எழுதினேன்.

அன்புடன்,
ஜோதிலட்சுமி


கவரப்பேட்டை
6.12.2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் எப்படி? பசு கன்று போட்டதா?

நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. தாலிக்குப் பொன் உருக்கக் குறித்த நாளும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அவரைக் கேட்டால், "ஊட்ல பேசிக்கினு இருக்காங்க" என்று மட்டும் சொல்கிறார். என்ன பேசுகிறார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் எழுதியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிப்பு ஷெட்டும் வேலைதான். நீங்கள் ஆசாரியை வரச் சொல்லுங்கள்.

ஜோதிலட்சுமி


பொதட்டூர்பேட்டை
14.12.2024

அன்புள்ள ஜோதிக்கு,

நாங்கள் சுகம். கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறது.

சோறு சாப்பிடு முதலில். நீ பாட்டுக்கு இளைத்துப்போனால் எடுத்த ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கும்.

உன் முந்தின கடிதம் வந்த அன்று நான் பெட்டியைத் திறந்து ஜிமிக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பு பிறப்பதற்கு முன் இரண்டாவது தறி வாங்க என் தாலித் தங்கத்தை விற்றோம். மூன்று வருஷம் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். ரவிக்கைக்குள் மறைத்து வைத்திருந்ததால் யாருக்கும் தெரியாது. பெரியத்தைக்கு இன்றுவரை தெரியாது. வெட்கப்பட்டு மறைத்தேன். ஆனால் அந்த மூன்று வருஷத்தில்தான் அன்பு பிறந்தான், தறியும் நன்றாக ஓடியது. கேட் மிஷின் மஞ்சளுக்குக் கத்துமா?

இதைச் சொன்னதும் வீட்டில் ரகளை. பெரிய மாமா ராஜமாணிக்கம்தான் குடும்பத்துக்குத் தலை. அவர் எழுந்து நின்று, "மஞ்சக் கட்றது பஞ்சத்துக்கு. ஊர்ல இன்னா பேசுவாங்க. ராஜமாணிக்கம் தம்பி ஊட்ல தங்கத்துக்கு வக்கில்லன்னு பேசுவாங்க" என்றார். நான்கு வாரம் அவர் இங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. முடியாததை எழுதி ஆசை காட்டக் கூடாது என்றிருந்தேன். ஆசாரி வந்தபோதும் வெற்றிலை பாக்கு கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

நேற்று அவர் வீட்டுக்கே போனேன். "மாமா, ஆடி மாசம் அம்மனுக்கு இன்னா கட்றீங்க" என்று கேட்டேன். அவர்தான் கோயில் தர்மகர்த்தா. வருஷா வருஷம் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைத் தட்டில் ஏந்திக்கொண்டு முதல் ஆளாகப் போகிறவர். "அம்மனுக்குப் பஞ்சமா மாமா?" என்றேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம், "கிழங்கு நான் வாங்கியாறேன். நீங்க கண்டதைக் கட்டி மானத்தை வாங்காதீங்க" என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று இரண்டு தரம் சொல்லச் சொன்னேன்.

இனி மறைக்கப்போவதில்லை. ரவிக்கைக்கு மேலேயே தெரியட்டும். பெயர் கொடு போ.

இப்படிக்கு,
சந்திரகலா


கவரப்பேட்டை
22.12.2024

என் அத்தைக்கு,

எல்லோரும் நலம், எல்லோரும் நலம், எல்லோரும் நலம்.

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அம்மா பயந்துபோய் என்னவென்று கேட்டாள். கொடுத்தேன். அவளும் அழுதாள். அப்பா இருவரையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் மிக்சர் வாங்கி வந்தார்.

மேனேஜர் என் பெயரை எழுதிக்கொண்டார். "மெட்டல் இல்லாத வரைக்கும் எனக்கு இன்னாம்மா" என்றார். கன்னியம்மா அக்காவிடம் சொன்னேன். கையில் இருந்த கீபோர்டைக் கீழே வைத்தார். அப்புறம், "ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாத்துவோமில்ல, அன்னிக்கு நானும் மாத்திக்கிறேன்" என்றார்.

எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த ஜிமிக்கியைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. உங்கள் அம்மா காதுக்குப் போட்டது, காதுக்கே போகட்டும். அதை விற்றால் காது மிஷின் வாங்கிவிடலாம், திருவள்ளூரில் பரிசோதனை செய்து மாட்டுகிறார்கள். அதற்குள்ளும் தங்கம் உண்டு என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஜோதி


பொதட்டூர்பேட்டை
5.1.2025

அன்புள்ள ஜோதிக்கு,

இங்கே நலம். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது. ஆதலால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மிஷினெல்லாம் கிழவிகளுக்கு. எனக்கு ஐம்பத்து நான்குதான். காது கேட்டு நான் என்ன கச்சேரிக்கா போகப்போகிறேன். உன் மாமா திட்டுவது கேட்காமல் இருப்பதே நிம்மதி. கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்.

இப்படிக்கு,
சந்திரகலா


கும்மிடிப்பூண்டி
24.2.2025

என் அத்தைக்கு,

உங்கள் பிள்ளையும் நானும் நலம். புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது. அவர் சமைத்த சாம்பாரைத்தான் நேற்று இருவரும் தைரியமாகச் சாப்பிட்டோம்.

திருத்தணியில் தாலி கட்டும் நேரத்துக்குப் பெரிய மாமா அந்த மஞ்சளைத் தட்டில் ஏந்தி வந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கட்டைவிரல் தண்டிக் கிழங்கு. கேட்டவர்களிடமெல்லாம் "ஈரோட்ல இருந்து வரவழைச்சது" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் ஒன்றும் பேசவில்லை. அவர் யாரையும் பேச விடவே இல்லை.

இன்று முதல் நாள் வேலைக்குப் போனேன். எங்கள் பிரிவே கேட்டில் வந்து நின்றது. நான் மிஷினுக்குள் கால் வைத்தேன். கத்தியது அத்தை. எனக்கு உயிரே போய்விட்டது. செக்யூரிட்டி அக்கா கைமிஷினை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார், சத்தம் இல்லை. கீழே கொண்டுபோனார், பாதத்தில் கத்தியது. மெட்டி. நீங்கள், பெரிய மாமா, மேனேஜர், பி.எஸ்சி. படித்த நான், ஒருவருக்கும் மெட்டி ஞாபகம் வரவில்லை. அக்காதான், "கழட்டி போன் பெட்டியில வை. விரல்ல மஞ்ச நூலு சுத்திக்கோ, ஷிப்ட் முடிஞ்சதும் போட்டுக்கலாம். வெள்ளிக்கு யாரு கேக்கப் போறாங்க" என்றார். சுற்றிக்கொண்டு மறுபடி நடந்தேன். ஒரு சத்தமும் இல்லை. மத்தியானம் புது அடுப்பில் முதல் தூளை நான்தான் உருக்கினேன்.

உங்கள் வீட்டில் நான்கு நாள் இருந்தேனே, அப்போது ஒன்று என் காதில் விழுந்தது. என்னவென்று எழுத மாட்டேன். உங்கள் பிள்ளையைக் கேட்டாலும் சொல்ல மாட்டார், சத்தியம் வாங்கியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை திருவள்ளூரில் உங்களுக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. ஜிமிக்கியோடு கிளம்புங்கள்.

அன்புடன்,
ஜோதி


பொதட்டூர்பேட்டை
16.3.2025

என் ஜோதிக்கு,

பசு, கன்று, நாங்கள் எல்லோரும் சுகம். சொன்னால் நம்பமாட்டாய், கன்றுக்குட்டி கத்துவது அவ்வளவு சன்னமான குரல்.

ஜிமிக்கியை விற்று மிஷின் மாட்டியதும் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் நான் பயந்துபோனேன். ஊர் இவ்வளவு இரைச்சலாகவா இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் என் வளையல் சத்தம், கடுகு வெடிக்கிற சத்தம், என் செருப்புச் சத்தம். பெரியத்தை வந்து வழக்கம் போல ரகசியம் சொன்னாள். "மெதுவா பேசுக்கா, தெருவுல கேக்கப்போவுது" என்றேன். முகம் சுண்டிப்போயிற்று.

தறி ஓடும்போது மிஷினைக் கழற்றிவிடச் சொன்னார்கள். மறுநாள் காலையில் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்று ஒரு தறிதான் ஓடியது, அதுவும் நின்று தரை அதிர்வது ஓய்ந்தது. இழை அறுந்து உன் மாமா குனிந்துவிட்டார், வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. என்ன திட்டுகிறார் என்று இன்றைக்குக் கேட்டே தீருவது என்று மிஷினை மாட்டினேன்.

திட்டவில்லை ஜோதி. பாடுகிறார். எங்கும் கேட்காத பாட்டு, அவரே கட்டியது போலிருக்கிறது. நல்ல குரல். அதில் இரண்டு இடத்தில் என் பெயர் வந்தது.

முப்பது வருஷமாக நான் அந்த மனிதரைப் பதிலுக்குத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரும் ஒரு தரம்கூட அது பாட்டு என்று சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னா, இன்னிக்கு ஒன்னும் திட்டலியா" என்றார். "வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார். நீயும் சொல்லிவிடாதே.

இனி போனில் பேசலாம் என்று அன்பு சொல்கிறான். பேசலாம். ஆனாலும் நீ கடிதம் எழுது, அதற்குத் தனி ருசி. இப்போது அதிகம் எழுத நேரமில்லை. புது நூல் வந்திருக்கிறது, நல்ல கெட்டி நூல், சனியன் அறுவதே இல்லை. மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த இழை எப்போது அறும் என்று தறிப் பக்கமே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காதில் பொட்டுத் தங்கத்தோடு,
சந்திரகலா